வெள்ளி படர்ந்த பச்சை

நல்ல களிமண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். மணல் கலந்திருந்தால் பல்லில் நறநறக்கும். சுத்தமான மண் வெண்ணெய் போல ஒட்டிக்கொண்டு கரையும். ஈப்போவுக்கு வெளியே குனோங் ராபாட் மலையடியில், சுரங்கக்காரர்கள் தோண்டிவிட்டுப் போன பள்ளத்தில் அப்படி ஒரு வெள்ளை மண் கிடந்தது. எத்தனையோ பேர் அதை மிதித்துக்கொண்டு போனார்கள். குனிந்து எடுத்தவன் நான் ஒருவன்தான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன். நீங்கள் அதை ஆங்கிலமாக்கிப் போலீஸ் துரைக்குச் சொல்வீர்கள். பாதி உங்களுக்குப் புரியாது, மீதி அவருக்குப் புரியாது. இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பிச்சைமுத்து. அந்த மலைக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்ட மலாயாவுக்கு வந்தவன். குயவர் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும், மரத்தில் பால் பிடிக்கும் மங்குகளைச் செய்து தரும்படி தோட்டத்துத் துரை சொன்னார். என் மனைவி இருளாயியோடு வெளியே வந்து, அந்தப் பள்ளத்தோரம் கொட்டகை போட்டுச் சூளை கட்டினேன். அவள் மண்ணை மிதிப்பாள், நான் சக்கரத்தில் உட்காருவேன். ஒரே அளவு, ஒரே வடிவம், மூட்டை மூட்டையாக மங்குகள். மரத்துக்கு எது கட்டினாலும் ஒன்றுதான். வெட்டுகிறவர்களுக்கும் அப்படியே. என் கையில் பிறந்த ஒரு மங்கைக்கூட எவரும் திருப்பிப் பார்த்ததில்லை. "ஒழுகாதுல்ல?" என்று மட்டும் கேட்பார்கள்.

எனக்கு ஒரு பச்சை வேண்டியிருந்தது. விடிகாலை மழைக்குப் பிறகு சுண்ணாம்பு மலையின் இடுக்கில் ஒரு பாசி மின்னும், அந்தப் பச்சை. ஈப்போவில் மளிகைக் கடை வைத்திருந்த நாகூர் மீரான் ராவுத்தர், தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் காரீயத் தகட்டைக் கிழித்துக் குப்பையில் போடுவார். அதை வாங்கிவந்து, இரும்புச் சட்டியில் உருக்கி, கிளறிக் கிளறிச் சாம்பலாக்கினேன். அதில் மணலும் செம்புத் துருவும் சேர்த்து இருளாயி அம்மியில் அரைப்பாள், அதைச் சட்டிகளில் பூசிச் சுடுவேன். பல சூளைகள் வீணாயின. சில கறுத்தன, சில கொப்பளித்தன. நெருப்பை எப்போது மூட வேண்டும் என்பது கைக்குப் படிந்த பிறகு ஒரு நாள் அந்தப் பச்சை வந்தது. சூளைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இருளாயி எட்டிப் பார்த்து, "அழகாத்தான் இருக்கு, சோறாக்க ஆகுமா?" என்றாள். அவளிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

ஆக்கவும் செய்தாள். ஒரு சட்டியில் புளிக்குழம்பும் ஊறுகாயுமாக வைத்துப் புழங்கினாள். சில மாதம் கழித்து அதைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தாள். உள்பக்கத்துப் பச்சையின்மேல் மெல்லிய வெள்ளி படர்ந்திருந்தது, குளத்து நீரில் நிலா விழுந்த மாதிரி. எந்த நெருப்பாலும் அதைக் கொடுக்க முடியாது. புளிப்பு தின்று தின்று செய்த வேலை அது. ஈப்போவில் ஒரு சுரங்க முதலாளி வீட்டுத் துரைசாணி, நான் அதைக் கொண்டுபோய்க் காட்டியதும், சீனாவில் ஏதோ பழங்காலக் கல்லறையில் எடுத்ததா என்று கேட்டாள். கண்ணாடி அலமாரியில் வைத்தாள். அவளும் ஒன்றும் தெரியாதவள்தான். ஆனால் எங்கே வைக்க வேண்டும் என்பதாவது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகு தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயங்களுக்குச் சட்டிகளைச் சும்மாவே கொடுத்தேன். புளித்த கஞ்சி ஊற்றுங்கள், புளிக்குழம்பு வையுங்கள், பளபளப்பு மங்கினால் கொண்டுவந்து புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். தர்மவான் என்று கும்பிட்டார்கள். மங்கியது என்று நினைத்து, என் வாழ்நாளின் மிகச் சிறந்த வேலைகளைத் தலையில் சுமந்துவந்து என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கும் அழுக்குக்கும் வித்தியாசம் தெரியாத சனம். ஒவ்வொரு வீட்டுச் சட்டியிலும் ஒவ்வொரு விதமாகப் படர்ந்திருந்தது. மனிதர் உண்டு புழங்காத சட்டிக்கு உயிர் கிடையாது என்று துரைசாணியிடம் சொன்னேன். அவள் அதைத் தன் சிநேகிதிகளிடம் சொன்னாளாம்.

அந்தச் சமயத்தில் இருளாயியின் மணிக்கட்டுகள் தொங்கிவிட்டன. கையை நீட்டினால் விரல்கள் கீழே விழும். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். கருவும் தங்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கார்த்திகேசு வந்து அவள் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எல்லாம் தெரிந்த தோரணை.

"முரசில நீலக்கோடு பாரும். உம்மட மனுசிக்குக் காரீயம் ஏறியிருக்கு. இந்தப் பச்சைச் சாமானில புளிப்பு ஒண்டும் வைக்கப்படாது. விளங்குதோ?" என்றார்.

விளங்கியது. அவர் சொல்வதற்கு முன்பே விளங்கியிருந்தது. நான் எந்தச் சட்டியில் சாப்பிட்டேன் என்று கேட்கிறீர்கள். நான் வாழையிலையில் சாப்பிடுகிறவன். எனக்குக் குழம்பு தனியாக, பச்சை பூசாத மண்சட்டியில் வைக்கச் சொல்லியிருந்தேன்.

டிரஸ்ஸர் சொன்னதை இருளாயி கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மறுநாள் தொங்கிய கைகளோடு லயத்துக்கு நடந்துபோய் வீடு வீடாகச் சொல்லியிருக்கிறாள். இதை நான் அவளிடம் எதிர்பார்க்கவில்லை. மாலையில் வீரம்மா என்கிற பால் வெட்டுக்காரி, இடுப்பில் மகனையும் கையில் சட்டியையும் வைத்துக்கொண்டு வந்தாள். பையன் அவள் தோளில் துணி போலக் கிடந்தான்.

"அண்ணே, இதுல விசம் இருக்குன்னு அக்கா சொல்லுது. நெசமாலா?"

"அக்காவுக்கு ஒடம்பு முடியலம்மா. புத்தியும் ஒரு நெலையில இல்ல. கண்டதையும் பேசுது."

அவள் முகம் தெளிந்தது. "நானும் அப்படித்தான் நெனச்சேன். பய வேற எதுல ஊத்துனாலும் தொட மாட்டேங்குறான். இதுல ஊத்துனாத்தான் கஞ்சி இனிக்குதாம்."

காரீயம் இனிக்கும். அது எனக்குத் தெரியும். சட்டியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அதுவரை வந்தவற்றில் அதுதான் அழகு. நடுவில் வெள்ளி, விளிம்பில் பச்சை, இடையில் பெயரில்லாத ஒரு நிறம். அதை வைத்துக்கொண்டு அவளுக்கு வேறொன்று கொடுத்தேன். முன்னதைவிடப் பெரியது. பையனைத் தட்டிக்கொடுத்தேன்.

மற்ற பெண்களும் வீரம்மா சொன்னதைத்தான் நம்பினார்கள். இருளாயியைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். அவள் அடுத்த மாதம் வலிப்பு வந்து இறந்தாள். அதற்குப் பிறகு வீரம்மாவின் மகன். பிறகு அதே லயத்தில் வேறு சில பிள்ளைகள். டிரஸ்ஸர் பையனின் உதட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். பாய் அருகில் சட்டி இருந்திருக்கிறது. அவர் சட்டிகளைச் சேர்த்து ஈப்போவுக்கு அனுப்பினார், நீங்கள் வந்தீர்கள். வீரம்மா என் வாசலில் வந்து மண்ணை வாரி இறைத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை. காய வைத்திருந்த இரண்டு கூஜாக்கள் கெட்டுப்போயின.

இப்போது கேட்டீர்களே, புளிப்புதான் வேண்டுமென்றால் நீயே புளியைக் கரைத்து ஊற்றியிருக்கலாமே, மனித வாய் எதற்கு என்று. இத்தனை நேரத்தில் நீங்கள் கேட்டவற்றில் இது ஒன்றுதான் தொழில் தெரிந்தவன் கேட்கிற கேள்வி.

ஊற்றிப் பார்த்தேன். லயத்துக்குச் சட்டிகளை அனுப்பத் தொடங்கிய மழைக்காலத்திலேயே, ஒன்றில் புளியைக் கரைத்து ஊற்றிக் கொட்டகை மூலையில் மூடி வைத்தேன். எடுத்துக் கழுவியபோது அதே வெள்ளி. லயத்திலிருந்து வந்த ஒன்றின் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடி, இரண்டையும் இடம் மாற்றிவிட்டுப் பார்த்தேன். எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

அன்றே, அடியில் போட்டிருந்த கீறலை வைத்துக் கண்டுபிடித்து, புளி ஊற்றியதை உடைத்துப் பள்ளத்தில் எறிந்துவிட்டேன். புளி கரைக்கத் தெரிந்த எவனும் செய்துவிடக் கூடியதை என்னுடையது என்று நான் எப்படிச் சொல்லிக்கொள்வது?