இசக்கி பக்கம் எவனும் வரல

சால்வை போட்டீங்க, சந்தோசம். என் மூத்த பேத்தி வேணி மதுரையில நர்ஸ் ஆயிட்டா. அவ தம்பி தளவாய்க்குக் கரண்டாபீசுல வேலை நிரந்தரமாயிட்டு. சின்னவ அனுசுயா பன்னெண்டாம் வகுப்புல பள்ளிக்கூடத்துக்கே மொத மார்க்கு. இதையெல்லாம் நம்ம கிளப்புத் தலைவர் அருணகிரி மைக்குல நல்லாவே வாசிச்சாரு. நாலாவதா ஒரு பேரன் இருக்கானே... இசக்கிராஜா... கபடிக் கிளப்பு விழாவுல கபடி ஆடுதவன் பேரு மட்டும் ஏன் வாயில வரல?

கைதட்டாதீங்க. நான் கோவத்துல நிக்கேன்.

காலேஜ் டீமுல கார்னர் ஆடுதான் அவன். அடுத்த மாசம் பெரிய லீக்குக்கு ஆள் எடுக்காங்க, நம்ம கிளப்புல இருந்து ஒருத்தனைத்தான் அனுப்ப முடியும். "இசக்கி போன வருசமே போய்த் தோத்துட்டு வந்தவன், வேற ஆளைப் பாப்போம்"னு கமிட்டியில பேசிக்கிட்டீங்களாமே? அவன் தோத்த கதையைக் கேட்டுட்டு அப்புறமாப் பேரை எழுதுங்க. சின்னக் கதைதான்... மைக்கைப் பிடுங்காதீங்க.

கபடி தெரியாத பொம்பளைங்களுக்காகச் சொல்லுதேன். ரைடு வாரவன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உள்ள வருவான். ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொருத்தன் நிப்பான், அவன்தான் கார்னர். வந்தவன் காலைக் கப்புன்னு பிடிக்கணும். இசக்கி நிக்கிறது இடது ஓரம்.

போன வருசம் அந்த ஆள் எடுப்புக்கு நானும் கூடப் போனேன். மொத ரைடு... ஜெபஸ்டின்னு ஒரு பையன், பனைமரம் மாதிரி இருந்தான், நேரா இசக்கிகிட்ட வந்தான். கணுக்கால்ல ஒரே பிடி! ஆளு குப்புற விழுந்தான். எந்திரிச்சு இசக்கியை ஒரு பார்வை பாத்தான்... அம்புட்டுதான். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் வந்தானா? வரல. அதைப் பாத்த மத்த ரைடருங்க வந்தாங்களா? வரல! ஒருத்தன் மட்டும் இந்தப் பக்கம் திரும்பப் பாத்தான். இசக்கி ஒத்தக் காலை முன்னால வச்சான், அவ்வளவுதான், வந்தவன் கபடி கபடின்னு சொல்லிக்கிட்டே மறுபக்கம் ஓடிட்டான். எல்லாரும் வலது ஓரத்துலயே போய் விழுதாங்க. அங்க நின்ன பையன் ரெண்டு பேரைப் பிடிக்கான், நாலு பேருக்குப் பாயிண்ட்டைக் குடுக்கான். ஒரே விசிலு, ஒரே கூச்சல்.

முடிஞ்சதும் ஆள் எடுக்க வந்த கண்ணாடிக்காரர் கூப்பிட்டாரு. "தம்பி, எத்தனை பேரைப் பிடிச்ச?"

"ஒருத்தரை சார்."

"மிச்ச நேரம்?"

"நின்னேன் சார்."

"சும்மா நிக்கிறதுக்கு இங்க ஆள் எடுக்கலப்பா."

வலது ஓரத்துப் பையன் முதுகைத் தட்டி எடுத்துக்கிட்டாரு. "ஐயா, இவன் பக்கம் ஒருத்தனும் வரலியே!"ன்னு கத்துனேன். அவரு சிரிச்சாரு. "பாட்டி, வராத ஆளை எப்படிப் பிடிச்சதா எழுதுறது?"

வெளிய சர்பத் கடையில அந்த ஜெபஸ்டின் நின்னான். அவனை எடுத்துட்டாங்க. "ஆச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. இன்னொரு தடவை அண்ணன் கையில மாட்டுனா நான் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். அதான் அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கல."

"இதை அந்தக் கண்ணாடிக்காரர்கிட்ட சொல்லேன்ல!"

"சொன்னா என்னையும் அனுப்பிருவாரு ஆச்சி."

இசக்கி அவன் தோள்ல கையைப் போட்டான். "ஏல, நீ இன்னொரு தடவை வந்திருந்தா நான் பஸ் ஏறாம இருந்திருப்பேன்லா?"

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்.

கண்ணாடிக்காரரைத் திட்டவா இதைச் சொன்னேன்? அவரு வெளியூரு. நீங்க? பொங்கல் கப்பு எப்படி வந்துச்சு? கடைசி ரைடுக்கு வந்தவன் இசக்கியைப் பாத்துப் பயந்து மறு ஓரத்துக்குப் போய் மாட்டுனான். பிடிச்சவனைத் தோள்ல தூக்கிட்டு ஆடுனீங்க. நல்லாப் பிடிச்சான், இல்லேங்கல. ஆனா அவனை அங்க விரட்டுனது யாரு?

வந்த ஆபத்தைத் தடுத்தவன் உங்க கண்ணுக்குத் தெரியுதான். வரவே விடாம நின்னவன் தெரியல! உங்க வீட்டுலயே பாருங்க. விடிஞ்சா குடத்துல தண்ணி இருக்கு, சட்டியில சோறு இருக்கு, பிள்ளை காய்ச்சல் கீய்ச்சல் இல்லாம பள்ளிக்கூடம் போகுது. உன் பொண்டாட்டி என்ன செய்யுதான்னு கேட்டா என்ன சொல்லுதீங்க? "சும்மாதான் வீட்டுல இருக்கா." பொம்பளைங்க சிரிக்காதீங்க... உங்களைக் கேட்டா நீங்களும் அதைத்தான சொல்லுதீங்க?

என் பேரன்கிறதுக்காகக் கேக்கல. பொய் எதுக்கு, அதுக்காகவும்தான் கேக்கேன். அவன் பேரை எழுதுங்க, இன்னொரு வாட்டி போய் நிக்கட்டும். அப்புறம், கிளப்பு வாசல்ல கப்போட ஒரு படம் ஒட்டியிருக்கீங்களே... அதுல இசக்கி எங்க? ஓரத்தை வெட்டிட்டீங்க. கறுப்புக் கயிறு கட்டின ஒரு கை மட்டும் தெரியுது, அது அவன் கை. அதைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா ஒரு படம் எடுத்து ஒட்டுங்க. போட்டோக்காரனைக் கொஞ்சம் பின்னாலே தள்ளி நிக்கச் சொல்லுங்க. ஓரத்துல நிக்கிறவன் படத்துல முழுசா விழணும்.