ஐம்பதடி தூரம்

— அந்த வெளிச்சம் வந்தத மறுபடி ஒருக்காச் சொல்லுங்க, குணசீலண்ணா.

— எத்தன வாட்டிங்க, பிரியா டீச்சரம்மா? ரெண்டு வருசமா இதையேதான சொல்லிட்டிருக்கறேன். சத்தீஸ்கர் காட்டுல தண்ணிக்கு மொத போர்வெல் போட்டு முடிச்சோமுங்க. நீலமும் வெள்ளையுமா மேலருந்து ஒரு வெளிச்சம். கண்ணத் தொறந்து பாத்தா உங்க ஊட்டுக்காரன் நந்துவக் காணோம். இதுக்காகவா வேலூர்லருந்து பஸ் மாறித் திருச்செங்கோடு ஷெட்டுக்கு வந்தீங்க? வண்டி கெளம்பற நேரமுங்க.

— கெளம்பட்டும். அவரக் கொண்டுட்டுப் போனது வேற நட்சத்திரத்து ஆளுங்க. அப்படித்தான?

— ஊரே அப்படித்தானுங்க பேசுது. உங்க மாமியா காளியாத்தாக்கா, பொழுதான மொட்ட மாடில டியூப்லைட்டப் போட்டு வெக்கறாங்களே, மவன் எறங்க எடம் தெரியோணும்னு.

— நானும் அத அணைக்கலீங்கண்ணா. பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்கறவ, அணைக்கல. ஆனா நேத்து எம்பொண்ணு இலக்கியா நோட்டுல எழுதியிருக்கறா, 'எங்கப்பா நட்சத்திரத்துலருந்து வருவாரு'ன்னு. அவ காதுகுத்துக்கு வாரேன்னு அன்னைக்குப் போன்ல சொன்ன மனுசன். இனியும் காத்திருக்கறதா வேண்டாமான்னு இன்னைக்குத் தெரிஞ்சாகோணும்.

— அந்த நட்சத்திரத்து ஆளுங்களால வரவே முடியாதுங்களா?

— இருக்கறதுலயே கிட்டத்து நட்சத்திரத்துக்கு உங்க வண்டிய அறுபதுல ஓட்டுங்க. டீக்குக்கூட நிறுத்தாம. போய்ச் சேர ஏழரைக் கோடி வருசம்.

— அடங்கொப்புரானே! அவங்க வண்டி வேகமாப் போவுமில்லீங்க?

— போகலாம். வெளிச்சத்தோட வேகத்தத் தாண்டிப் போகக் கூடாதுங்கறதுதான் விதி. அதுக்குள்ள எவ்வளவு வேகமாவும் போகலாம். ஆனா வேகம் ஏற ஏற எரிபொருள் கூடும். அதச் சுமக்க இன்னும் எரிபொருள்.

— டீசலச் சுமக்கவே டீசலுங்களா?

— அதேதான். அத்தனையும் தாண்டி வந்தவங்க, ஊர்க் கரண்ட எதுக்குண்ணா புடுங்கிவுட்டாங்க?

— கரண்டா?

— நீங்க சொன்னதுதான். பக்கத்து ஊரு பட்டுனு இருட்டாச்சுன்னீங்க. கருகுன வாசம் அடிச்சுதுன்னீங்க.

— உட்ருங்க அம்முணி. உங்களக் கும்புட்டுக்கறேன்.

— ரெண்டாவது போர்வெல் போடற பாயிண்ட்டுக்கு ரிக் வண்டிய நகத்துனீங்கல்ல. நட்டமா நிக்கற மாஸ்ட், அந்த இரும்புக் கோபுரத்தப் படுக்க வெச்சுட்டா நகத்துனீங்க?

— வண்டி கெளம்பிருச்சுங்க, நான் வாரேன்.

— அண்ணா!

— அம்பதடி தூரந்தானுங்க. படுக்க வெச்சு மறுபடி தூக்கோணும்னா நேரமாவும். எல்லா வண்டிலயும் இப்படித்தானுங்க செய்யறாங்க.

— மேல கரண்ட் கம்பி, மாஸ்ட் அதுல பட்டுருச்சு. நீங்க கேபின்ல இருந்தீங்க, பொழச்சீங்க. அவரு கீழ நின்னு வண்டியத் தொட்டுட்டே வந்தாரு.

— ஒரு கை வண்டி மேல, ஒரு கையில சைடு காட்டிட்டு வந்தானுங்க. போலீசு கேசு வேண்டாம்னு மொதலாளி ஆளுக விடியறதுக்குள்ள அவனக் காட்டுலயே எரிச்சுட்டாங்க. நாந்தான் கொள்ளி வெச்சேன். இன்னும் கண்ண மூடுனா அந்த வெளிச்சந்தான் அம்முணி.

— பாவி மனுசா! கால் மணி நேரச் சோம்பல்ல என்ற தாலிய அறுத்துட்டு, ரெண்டு வருசம் எங்க மூணு பேரையும் வானத்தப் பாக்க வெச்சுட்டீங்களே! உங்களக் காப்பாத்திக்கத்தான இத்தன கதையும்?

— என்னைய இல்லீங்க.

— பின்ன யார?

— வேண்டாங்க. ஊட்டுக்குப் போங்க.

— யாருன்னு கேட்டேன்.

— நான் மாஸ்ட எறக்கத்தான் போனேனுங்க. அப்பத்தான் நந்துவுக்கு உங்க போன் வந்துச்சு. போன வெச்சதும் ஓடியாந்து என்ற கையப் புடிச்சுக்கிட்டான். 'எறக்காத மாமா, அம்பதடிதான, எடு வண்டிய. காதுகுத்துக்கு இன்னைக்கே ரயிலேறலீன்னா இந்தப் பக்கமே வராதீங்கன்னு பிரியா சொல்லிட்டா'ன்னானுங்க.