ஒன்பது பாக்கெட் கியூபா காபி

— எப்ப வாங்க ஆரம்பிச்சேன்னா... சரியா ஞாபகம் இல்ல. மழைக்கு முன்னாடியா, அப்புறமா... தப்பாச் சொன்னாலும் சொல்லிடுவேன்.

— சாப்பாட்டுக் கேரியர் வைக்க இடம் தேடித்தான் அலமாரியத் திறந்தேன். தையல் மெஷின் ரிப்பேர் கடையில பாபின் இருக்கும், எண்ணெய் டப்பா இருக்கும். கியூபா காபிக்கொட்டை ஒன்பது பாக்கெட் எதுக்குங்க?

— ஆன்லைன்ல... தள்ளுபடி.

— கண்ணு முழிச்சதும் டீ கேக்குற மனுசன்!

— மனுசனுக்கு ஒரு ஆசை வரக்கூடாதா?

— வரட்டுமே. குடிச்சுப் பார்த்தீங்களா?

— ஒரு பிடி போட்டுக் கொதிக்க வச்சேன். ஒரு மணி நேரமாகியும் வேகல.

— ஐயோ... முழுசாவா? பருப்பா அது? அரைக்கணுங்க!

— சிரிக்காதடி. கஸ்டமர் வர்ற நேரம்.

— வரட்டும். மெஷினையே கழட்டி மாட்டுறவரு காபிக்கொட்டைய வேகவச்சாருன்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்.

— போதும்மா, போதும்.

— சரி... எல்லாத்துலயும் மேல மட்டும் கீறி, மறுபடி டேப் ஒட்டியிருக்கே?

— பூச்சி இருக்கான்னு பார்த்தேன்.

— கப்பல் ஏறி வந்த பூச்சியா? சட்டைப் பையில என்ன அது?

— ஏய், கைய எடு... எண்ணெய்க் கறை ஒட்டும்.

— ஒட்டட்டும். சீட்டா? ‘வாங்கியதற்கு நன்றி. காற்றுப் புகாமல் மூடி வைக்கவும்.’ இதுலயும் அதேதான்... இதுலயும்.

— பாக்கெட் கட்டுறவங்க கையால எழுதிப் போடுவாங்க. அந்தக் கடை வழக்கம்.

— அதை நெஞ்சுல சுமக்கிறது எந்தக் கடை வழக்கம்?

— எழுத்தப் பாரு. வரி மேல ஏறிப் போகுதா? கோடு போட்ட நோட்டுலயே அப்படித்தான் எழுதுவா. எத்தனை தடவ திருத்தியிருக்கேன்...

— நம்ம பொண்ணு.

— மெஷின் குடுக்க வந்த அம்மா ஒருத்தங்க முதல் பாக்கெட்ட சும்மா குடுத்தாங்க. பிரிச்சேன். சீட்டு இருந்துச்சு. அப்புறம் நானே போன்ல தேடி...

— அவ இஷ்டப்படி கல்யாணம் பண்ணதுக்கு ‘இனி இந்த வாசப்படி மிதிக்காதே’ன்னு கத்தினவரு, மாசம் ஒரு பாக்கெட்டா? ஒரு போன் பண்ணியிருக்கலாமே.

— என்னன்னு பேசுவேன்?... அத விடு. நேத்து வந்தத பாரு. ஒன்பதாவது.

— வேற எழுத்து.

— வரி நேரா இருக்கு. நேத்துலேருந்து சோறு இறங்கல. வேலைய விட்டாளா, ஊரை விட்டாளா, உடம்பு கிடம்பு சரியில்லையா... யாருகிட்டப் போய்க் கேப்பேன்?

— என்கிட்ட கேக்கலாம்.

— உனக்கென்ன தெரியும்?

— வாரா வாரம் அவகூடப் பேசுறேன். உங்க கோபத்துக்குப் பயந்து சொல்லல. இந்தக் கடை விலாசத்துக்கு ஆர்டர் வந்தா வேற யாரையும் தொட விடமாட்டாளாம், ‘அப்பா பார்சல், நான்தான் கட்டுவேன்’னு நிப்பாளாம். நீங்களா வாயத் திறக்கணும்னுதான் இன்னைக்கு அலமாரியத் திறந்தேன்... இப்ப அவ லீவுல இருக்கா. போன வாரம் பெண் குழந்தை பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. மாப்பிள்ளைதான் சமைச்சுப் போடுறாரு. நான் நாளைக்குக் கிளம்புறேன்... டிக்கெட் ரெண்டா எடுத்திருக்கேன்.