கனவில் நின்ற கார்

லூபோக் சீனாவிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் நடுவயதுத் தம்பதியர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலில் செம்பனை வரிசைகள் மெதுவாக வழுக்கிக்கொண்டே போயின.

“நேத்து கனவுல நம்ம கார் ஆகாசத்துல இருந்துச்சுங்க,” என்றார் மனைவி.

“டயர் தொங்குச்சா, நின்னுச்சா?” என்று கேட்டார் கணவர்.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“நின்னுச்சு. ரோட்டுல நிக்கிற மாதிரியே.”

“அப்ப அது வண்டியத் தூக்குற நாலு தூண் லிஃப்ட். ரெண்டு தூண்ல டயர் தொங்கிரும். வண்டி பாரம் டயர்ல இறங்கினாத்தான் வீல் அலைன்மெண்ட் பாக்க முடியும்.”

“பின்ன ஏன் நம்ம கடைக்கு ரெண்டு தூண் வாங்கினா போதும்னீங்க?”

“ஆயில் மாத்த, பிரேக் பாக்க அது போதும் லா. அலைன்மெண்ட் இனி வேணாம்.”

“முதுகு ஆபரேஷன் ஆனதாலயா? நாலு தூண்ல குனியவே வேணாம், நின்னுக்கிட்டே பாக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். “ஆபரேஷனுக்கு அப்புறம் இத்தன நாளா அந்த வேலையத் தொடல. கை மறந்திருக்குமோன்னு பயமா இருக்கு.”

“கனவுல மறக்கலீங்க. சிரிச்சுக்கிட்டே பாத்தீங்க.”

அடுத்த நிறுத்தம் வந்ததும் அவர் கைப்பேசியை எடுத்து லிஃப்ட் விற்கும் முதலாளியை அழைத்தார்.

“தவுக்கே, நாலு தூணையே அனுப்புங்க. ஆமா, புக்கிட் காத்தில்ல இருக்கிற நம்ம ஒர்க்‌ஷாப்புக்குத்தான்.”

கைப்பேசியை வைத்துவிட்டு மனைவி பக்கம் சாய்ந்தார். “கனவுல கூரை உயரம் பத்துச்சா?”

“கூரையே இல்லீங்க. நல்ல மழை. நீங்க காருக்கு அடியில நனையாம நின்னீங்க.”