ஆலைக்கு இடம் பார்த்தது

மாடுகளை அதட்டி ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. சத்தம் போட்டால் அவை மிரளும். மிரண்ட மாட்டின் கறி கறுத்துப்போகும், வாங்குகிறவன் விலையைக் குறைப்பான். விலையை விடுங்கள், ஒரு வாயில்லாப் பிராணியைப் பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது? என் பட்டிக்குள் வேலைக்கு வருகிற யாரும் குரலை உயர்த்தக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் ஒரே சட்டம். ராய்ஸ் டீட்ரிக் இதைக் கேலி செய்வான். "உன் பட்டிக்குள்ள வந்தா சர்ச்சுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்குடா வெண்டல். தும்மக்கூட பயமா இருக்கு" என்பான்.

நீங்கள் ராய்ஸைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள், தெரியும். ஆனால் ஆலையைச் சொல்லாமல் ராய்ஸை மட்டும் சொன்னால் என்னை ஏதோ கோபக்காரன் என்று எண்ணிவிடுவீர்கள். அவன்மேல் நான் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் அவன்.

இந்த மணல் குன்றுகளில் புல்லைத் தவிர எதுவும் விளையாது. புல்லை மாடு தின்கிறது, மாட்டை வைத்து நாங்கள் பிழைக்கிறோம். நெப்ராஸ்காவின் இந்த மூலையில் எல்லோருக்கும் அதுதான் கதை. மாட்டை வளர்ப்பது நாங்கள், விலையைச் சொல்வது தூரத்திலிருக்கும் நாலைந்து கம்பெனிகள். தொற்றுநோய் வந்த அந்த வசந்தத்தில் கம்பெனிகள் தங்கள் அறுப்பு ஆலைகளை மூடின. கொழுத்த மாடுகள் போக இடமில்லாமல் நின்றன. அதே வாரம் என் மனைவி லியோனா பெல்மர் டவுனில் இருக்கும் கடைக்குப் போனாள். ஆளுக்கு ஒரு பொட்டலம் கறிதான் தருவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் அந்தப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே கண்ணுக்கெட்டிய வரை எங்கள் மாடுகள்.

அன்றுதான் எங்களுக்கென்று ஓர் ஆலை வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் மாடு, எங்கள் கத்தி, எங்கள் விலை.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டேன். நான் பேச்சாளன் இல்லை. ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முதலில் எழுந்தவன் ராய்ஸ்தான்.

"வெண்டல் சொல்றது சரி. நம்ம மாட்ட நாமளே அறுப்போம். கம்பெனிக்காரன் சொன்னதுக்கெல்லாம் தலைய ஆட்டி ஆட்டி எனக்குக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபின், சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிக்கலாம் என்று கை தூக்கினார்கள். முதல் பங்கைப் போட்டதும் அவன்தான். அவன் எனக்கு எதிராளி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் பங்குப் பணம் கேட்டு வீடு வீடாகப் போனேன். எத்தனை சமையலறைகளில் உட்கார்ந்திருப்பேனோ, எத்தனை காப்பி குடித்திருப்பேனோ. சிலர் கிடாரிகளை விற்றார்கள். ஒருத்தர் மனைவியின் முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். மகனுக்கென்று வைத்திருந்த நிலத்தை அடமானம் வைத்தவரும் உண்டு. ஆலையை நம்பிக் கொடுத்தார்கள் என்று சொல்லமாட்டேன். என் முகத்துக்காகக் கொடுத்தார்கள். அது எவ்வளவு கனம் என்பது சுமந்தவனுக்குத்தான் தெரியும்.

அடுத்து இடம் பார்க்கவேண்டும். கமிட்டிக்கு நான் தலைவர். ஒமாஹாவிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் என்னோடு சுற்றினார். தண்டவாளம் பக்கத்தில் வேண்டும், நெடுஞ்சாலை வேண்டும், குறையாத தண்ணீர் வேண்டும், கழிவுநீர்க் குட்டைக்குச் சரிவு வேண்டும் என்றார். எல்லாம் சேர்ந்த இடம் ராய்ஸின் வீட்டை ஒட்டிய ஆற்றோரப் புல்வெளி. அதைவிட்டால் வேறு இடம் இல்லை என்று கமிட்டியில் சொன்னேன். ராய்ஸ் தாடையைச் சொறிந்துகொண்டு, "நம்ம ஆலைதானே, கட்டிக்கோங்க" என்றான். பேங்கிலும் அந்த இடத்தைத்தான் சொன்னோம். பனி விழுவதற்குள் நிலம் சங்கத்தின் பேருக்கு வந்தால்தான் கடன் என்றார்கள். பேங்க் அப்படித்தான் சொல்லும்.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் ராய்ஸ் மனைவி ஆர்டித் இல்லாமல் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

"வெண்டல், மனசு மாறிட்டேன்டா."

"எதுல?"

"நிலத்துல. போட்ட பணத்தக் கேக்கல, அது போட்டதுதான். நிலம் மட்டும் வேண்டாம். நானும் ஆர்டித்தும் கொலராடோ போயி ஒரு ஆலையப் பாத்துட்டு வந்தோம். கார் கண்ணாடிய இறக்க முடியலடா. அந்த ரத்தத் தண்ணிக் குட்டை இருக்கே... எங்க வாசல்ல அது வேண்டாம்."

"யாராச்சும் ஒருத்தர் வாசல்ல வந்துதானே ஆகணும்?"

"வரட்டும். என் வாசல்ல வேண்டாம். திட்டணும்னா நல்லா திட்டிக்கோ, வாங்கிக்கிறேன். அடுத்த கூட்டத்துல நானே எல்லாருக்கும் சொல்லிக்கிறேன், நீ மாட்டிக்காத." பிறகு சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "லியோனா, அந்த ஆப்பிள் வாசனை உள்ளேருந்துதானே வருது?" என்றான்.

லியோனா அவனுக்கு ஆப்பிள் பை வைத்தாள். ஒரு துண்டு தின்று, இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனான்.

நான் அவனைத் திட்டவில்லை. ஆனால் அவன் வண்டி வெளிச்சம் குன்றுக்கு அப்பால் மறைந்தபோது ஒன்றை நினைத்தேன். நூறு குடும்பங்கள் ஒரு பக்கம், ஒரு மனிதனின் மூக்கு ஒரு பக்கம். இத்தனை பேரின் பிழைப்பைவிடத் தன் வாசல் பெரிது என்று ஒருவன் நினைக்கிறான் என்றால், அதைச் சுயநலம் என்றுதான் சொல்லவேண்டும். நல்லவர்களிடமும் சுயநலம் இருக்கும்.

அக்டோபரில் என் மாடுகளுக்குச் சினை பார்க்கும் நாள். ராய்ஸ் வருஷாவருஷம் உதவிக்கு வருவான். அவன் இல்லாமல் அந்த வேலையை நான் செய்ததே இல்லை. கால்நடை மருத்துவர் காலையில் வந்து வேலையை முடித்துவிட்டுப் போனார். மதியத்துக்குமேல் பொலிகாளைகளைப் பிரிக்கும் வேலை மட்டும் பாக்கி. அதற்கு நாங்கள் இருவர் போதும்.

அவற்றில் ஒரு கறுப்புக் காளைக்கு மூர்க்கம் வந்திருந்தது. கோடையில் என் குதிரையை முட்டிச் சாய்த்தது. அதை மந்தையிலிருந்து கழித்துவிடப்போகிறேன் என்று ராய்ஸிடம் சொல்லியிருந்தேன். அது அப்போது வேலிச் சந்துக்குள் நின்றது. சந்துக்கும் உள்பட்டிக்கும் நடுவே ஓர் இரும்புக் கதவு. அது பக்கவாட்டில் திறப்பதில்லை. வெளியே நடைபலகையில் நிற்பவர் கயிற்றை இழுத்தால் மேலே எழும்பும், விட்டால் தன் கனத்தில் இறங்கிவிடும்.

கயிறு என் கையில் இருந்தது. உள்பட்டியின் கோடியில் ஒரு சங்கிலி சிக்கிக்கொண்டது. ராய்ஸ் உள்ளே இறங்கினான். இடுப்பு எலும்பை மாற்றியிருந்ததால் அவனால் வேகமாக நடக்க முடியாது.

"இருடா, இதக் கழட்டிட்டுச் சொல்றேன், அப்புறம் திற" என்றான். முதுகைக் காட்டிக் குனிந்தான்.

கை தவறிவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. யோசித்துவிட்டுத்தான் இழுத்தேன்.

முதல் முட்டில் அவன் சாகவில்லை. வேலியோரம் விழுந்து கிடந்தான். "வெண்டல், கதவு கழண்டுக்கிச்சு போல, கதவப் பாரு" என்றான். அப்போதும் அவன் கதவைத்தான் குறை சொன்னான். கடைசி வரை என்னைச் சந்தேகப்படவில்லை என்பது எனக்கு ஒரு ஆறுதல். மாடு மடக்குவதற்காக நுனியில் துணி கட்டிய கம்பு ஒன்று என் பக்கத்தில் சாய்ந்து நின்றது. அதை எடுத்து ஆட்டியிருந்தால் காளை திரும்பியிருக்கும், அந்தக் காளையை எனக்குத் தெரியும். நான் அப்படியே நின்றேன். அது அவனை வேலியோடு வைத்து மறுபடி முட்டியது, பிறகு மறுபடியும். அவன் என் பெயரைச் சொல்வது நின்றது.

எல்லாம் அடங்கியபின் கீழே இறங்கினேன். காளையை மெல்லப் பேசித் திருப்பிச் சந்துக்குள் விட்டேன். சத்தம் போடவில்லை. அப்புறம் ஆம்புலன்சுக்குச் சொன்னேன். வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு என் தோளைத் தட்டினார். இந்தப் பக்கத்தில் காளை முட்டிச் செத்தவர் இல்லாத குடும்பம் குறைவு. கதவு எப்படித் திறந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். சர்ச்சில் அவனைப் பற்றிப் பேசியதும் நான்தான். பேசும்போது அழுதேன், அது உண்மையான அழுகை.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தபின் ஆர்டித் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வெண்டல், நிலத்தப் பத்தி உங்ககிட்ட பேசினாரா? வேண்டாம்னு சொல்றதா இருந்தாரு."

"சொன்னான். ஆனா அன்னைக்குக் காலைல மறுபடி மனசு மாறிட்டான் ஆர்டித். 'கட்டட்டும்டா, எல்லாரும் நம்மள நம்பியிருக்காங்க'ன்னான்."

"அவரு அப்படித்தான். கடைசில ஊருக்காக விட்டுக்கொடுத்துடுவாரு" என்றாள்.

துக்கத்தில் இருப்பவளுக்குச் சொல்லும் ஆறுதலை நான் பொய்யில் சேர்ப்பதில்லை. அதனால் அவளுக்குத் தன் புருஷனைப் பற்றிப் பெருமையாக நினைக்க ஒன்று கிடைத்தது. பனி விழுவதற்கு முன்பே நிலத்தைக் கொடுத்தாள்.

அந்தக் காளையைச் சுட்டுவிடச் சொல்லி அவள் கேட்டிருந்தாள். ஆலை வரட்டும், முதலில் அதை அனுப்புவோம், அதுதான் ராய்ஸுக்கு மரியாதை என்று சொன்னேன். ஆலை எழும்பும்வரை அதற்கு நல்ல தீனி போட்டு வைத்திருந்தேன். திறப்பு நாளில் ரிப்பனை வெட்டியது ஆர்டித்தான். வாசலில் ராய்ஸின் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்திருந்தோம், அது என் யோசனை. காளை உள்ளே போகும்போது பார்க்கவேண்டும் என்றாள். ஆலைக்குள் மேலே இருக்கும் நடைபாதையில் என் பக்கத்தில் நின்று பார்த்தாள். அது விழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த கோடையில் அவள் வீட்டைக் காலி செய்துவிட்டு பெல்மருக்குக் குடிபோனாள். வாடை தாங்கவில்லை என்று யாரிடமோ சொன்னாளாம். என்னிடம் குறை சொன்னதில்லை. அந்த வீட்டில் இப்போது ஆலைத் தொழிலாளிகள் உடை மாற்றுகிறார்கள்.

மற்றபடி ஆலை நன்றாக ஓடுகிறது. கிடாரிகளை விற்றவர் திரும்ப வாங்கிவிட்டார். முழங்கால் ஆபரேஷனும் முடிந்தது. போய் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ராய்ஸின் மகள் ஜோலீன் படித்து கால்நடை மருத்துவராகி இந்த வருஷம் ஊருக்குத் திரும்பினாள். பழைய மருத்துவர் ஓய்வுபெற்றதால் போன வாரம் என் மாடுகளுக்குச் சினை பார்க்க அவள்தான் வந்தாள். வேலை முடிந்து நடைபலகைமேல் நின்றவள் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இழுத்தாள், விட்டாள். கதவு எழும்பி இறங்கியது.

"அங்கிள், இது யாராச்சும் இழுத்தாத்தானே திறக்கும்?"

"ஆமாம்மா."

"காளையால தூக்க முடியாது?"

"முடியாது."

"அப்போ அன்னைக்கு இழுத்தது யாரு?"

"நான்தான்."

அவள் கத்தவில்லை. என் பட்டிக்குள் கத்தக்கூடாது என்று அவளுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். கையுறையைக் கழற்றி வேலிமேல் போட்டுவிட்டு வண்டியை நோக்கி நடந்தாள். நடுவில் ஒருமுறை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் நேரே போலீசுக்குத்தான் போயிருப்பாள். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ராய்ஸ் டீட்ரிக்கைக் கொன்றது நான். காளை அல்ல. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நூறு குடும்பங்களுக்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வியையும் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆமாம், வேறு இடம் இருந்தது. அந்தப் பொறியாளர் முதல் நாள் முதலில் கைகாட்டியது என் கிழக்கு மேய்ச்சல் நிலத்தைத்தான். தண்டவாளம் அதை ஒட்டித்தான் போகிறது. சாலையும் உண்டு, தண்ணீரும் உண்டு, சரிவும் அவருக்குத் திருப்தி. கமிட்டியிடம் அதைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே நின்று கூப்பிட்டால் எங்கள் வீட்டில் கேட்கும். கோடை முழுக்கக் காற்றும் அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும். லியோனா சாயங்காலம் வெளியே நாற்காலி போட்டு உட்காருகிறவள். அறுப்பு ஆலையைக் கொண்டுவந்து சொந்த வாசலில் யாராவது வைத்துக்கொள்வார்களா, நீங்களே சொல்லுங்கள்.