சல்லடைக் கை

உள்ளே இனிப்புப் பயறு வைத்த அரிசி உருண்டை என்றால் இசோகாவாவுக்கு உயிர். செவ்வாயும் வெள்ளியும் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது பேருந்து நிலையத்து எதிர்க் கடையில் நாலு வாங்கிக்கொள்வேன். மூன்று அவருக்கு, ஒன்று எனக்கு. தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்று தாதிகள் பயந்ததால் ஒவ்வொன்றையும் நானே எட்டுத் துண்டாக வெட்டித் தருவேன். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவருக்குப் புரையேறவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

இசோகாவா தெத்சுவோ எங்கள் கப்பல் பட்டறையில் மேஸ்திரியாக இருந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவருக்குக் கீழே பெயின்ட் அடிப்பவன். பட்டறைக்கு ஒரு பேஸ்பால் அணி இருந்தது. ஆட்டம் உள்ள ஞாயிறுகளில் மீன் சந்தைகூட மத்தியானத்தோடு மூடிவிடும். ரசிகர் படைக்கு அவர்தான் தலைவர். வெள்ளைக் கையுறை, நெற்றியில் துணிப் பட்டை, எதிரே இடுப்புயரத்துக்கு ஒரு முரசு. அவர் கை எழுந்தால் மூவாயிரம் வாய் திறக்கும், இறங்கினால் மூடும். அவருக்கு இடப்பக்கம் கொடி பிடிப்பவன் நான். பதினெட்டு வயதிலிருந்து அது என் இடம்.

என் மகன் யசுஹிகோ பத்தொன்பது வயதில் அந்த அணியில் சேர்ந்தான். மைதானத்தின் இடது மூலை அவனுடையது. இசோகாவா என் முதுகில் தட்டுவார். "டேய் தோகிதா, உன் பையன் கையில பந்து தானா வந்து உக்காருதுடா. நீ பெயின்ட் அடிச்சாலே வழியுது, உனக்கு இப்படி ஒரு பிள்ளையா?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் வாழ்க்கையில் நல்ல வருடங்கள் எவை என்று கேட்டால் அந்த இரண்டைத்தான் சொல்வேன்.

எண்பத்தொன்றாம் வருடம் ஜூனில் டோக்கியோவில் நடக்கும் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறும் ஆட்டம். கடைசிச் சுற்று. நாங்கள் ஒரு ரன் முன்னால். எதிரணியில் இரண்டு பேர் அவுட், இன்னும் இரண்டு பேர் ஓடக் காத்து நிற்கிறார்கள். ஒரே ஒரு கேட்ச் போதும். பந்து இடது மூலைக்கு உயர எழும்பியது. யசுஹிகோ பின்னால் போனான், இன்னும் பின்னால் போனான். பந்து கையுறைக்குள் விழுந்தது, விழுந்த வேகத்தில் வெளியே துள்ளியது. அவன் குனிந்து எடுப்பதற்குள் இருவரும் ஓடி முடித்துவிட்டார்கள். ஊர் இருபத்திரண்டு வருடமாகக் காத்திருந்த டோக்கியோ பயணம் அதோடு போயிற்று.

 பிறகு இசோகாவா முரசை அடிக்க ஆரம்பித்தார். நான்கு அடி, ஒரு நிறுத்தம். அந்த இடத்திலேயே அவருக்கு வார்த்தை வந்தது. "சல்லடைக் கை, சல்லடைக் கை, சலிச்சு விட்டான் ஊர் மானத்தை." திறமைசாலி. மூன்றாவது தடவை மைதானம் முழுவதும் சேர்ந்து பாடியது. அணி வரிசையாக நின்று தலைவணங்கி முடிக்கும்வரை அவர் நிறுத்தவில்லை.

மைதானத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்க மாட்டேன். பொதுக் குளியல் கூடத்தில் பாடினார்கள், பட்டறை வாசலில் பாடினார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அந்தத் தாளத்துக்கு நடந்தார்கள். எங்கள் வீட்டுக் கதவில் யாரோ மூங்கில் சல்லடை ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள். கழற்றினேன், மறுநாள் இன்னொன்று. அணியிலிருந்து எடுத்து அவனைக் கிடங்கு வேலைக்கு அனுப்பினார்கள். பதினான்கு மாதம் பொறுத்தான். ஆகஸ்டில் ஒரு காலை, அலைதடுப்புச் சுவரின் நுனிவரை நடந்துபோய், கையுறையைக் கல்மேல் வைத்துவிட்டுக் கடலில் இறங்கிவிட்டான்.

இசோகாவா துக்கத்துக்கு வந்தார். அழுதிருந்தார், அதை மறைக்க மாட்டேன். "மனசுல வெச்சுக்காத தோகிதா. பாசம் இருக்கற எடத்துலதான திட்டுவோம்" என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "அடுத்த ஞாயிறு வந்துருடா. கொடி பிடிக்க ஆள் இல்ல" என்றார்.

இனி நீங்கள் அந்த மைதானத்துப் பக்கம் போனால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்றாள் என் மனைவி. நான் போனேன். அவளும் சொன்னபடியே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். முப்பத்தைந்து வருடம் எதற்காகக் காத்திருந்தாய் என்று நேற்று கேட்டீர்கள். நான் காத்திருக்கவில்லை ஐயா. ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இசோகாவாவின் மனைவி இறந்த மறுவருடம் அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. மகள் கியோகோ ஒசாகாவில் இருக்கிறாள். அவரைக் குன்றுமேல் உள்ள இல்லத்தில் சேர்த்தாள். நான் வாரம் இரண்டு முறை போனேன். சாப்பிட்டாரா என்று கேட்டால் தெரியாது, அறுபத்தெட்டாம் வருடத்து ஆட்டத்தில் யார் எத்தனை ரன் என்று கேட்டால் பிசகாமல் சொல்வார். பேஸ்பாலைச் சுற்றியிருந்ததெல்லாம் கரைந்துபோய், அது மட்டும் நின்றது. அதுவும் அங்கங்கே ஓட்டை விழத் தொடங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை அவரே கேட்டார். "அந்தக் கேட்ச விட்டாங்களே, இடது மூலையில நின்னது யாரு தோகிதா?"

என் மகன் பெயரே அவருக்கு நினைவில் இல்லை. உருண்டையை வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டி முடித்துவிட்டுச் சொன்னேன். "நீங்கதான் தலைவரே."

"நானா? நான் முரசுல்ல அடிச்சிட்டிருந்தேன்."

"முரசு அடிச்சது நான். நீங்க இடது மூலை."

"போடா. இந்தத் தொப்பையோடயா?"

"அப்போ தொப்பை இல்ல தலைவரே."

சிரித்தார். அன்றைக்கு அவ்வளவுதான். செவ்வாய் மறுபடி சொன்னேன், வெள்ளி மறுபடி சொன்னேன். அவசரப்படவில்லை. இலை உதிரும் காலத்தில் சிரிப்பு நின்றது. குளிர் வந்தபோது, வெயில் கண்ணில் அடித்தது என்று அவரே எனக்கு விவரம் சொல்ல ஆரம்பித்தார். பிறகு மேசை விளிம்பில் விரலால் அந்தத் தாளத்தைத் தட்டி, மெல்லப் பாடிக் காட்டுவேன். நான்கு அடி, ஒரு நிறுத்தம். காதைப் பொத்திக்கொள்வார். நாங்கள் பழைய ஆரவாரப் பாட்டுப் பாடுவதாக நினைத்துத் தாதிப் பெண் ஒருத்தி போட்டோ எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். 'அறுபது ஆண்டு நட்பு' என்று கீழே எழுதியிருந்தது.

சாப்பாடு கொண்டுவருபவளிடம், தரை துடைப்பவனிடம், எல்லாரிடமும் இடுப்பு வளைய வணங்கி, "மன்னிச்சிருங்க, நான்தான் விட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கியோகோ போனில் கேட்டாள். "எத விட்டாராம் மாமா? என்கிட்டயும் அதையே சொல்லி அழறாரு."

"வயசாச்சும்மா. எல்லாருக்கும் எதையாவது விட்டுட்டமாதிரிதான் இருக்கும்."

"நீங்க மட்டும் இல்லன்னா அப்பா என்ன ஆகியிருப்பாரு" என்றாள். நல்ல பெண்.

ஏப்ரலில் அந்தச் செவ்வாய் நல்ல வெயில். பதினொரு மணிக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அவரை வெளியே கூட்டிப்போனேன். அலைதடுப்புச் சுவருக்குப் பத்து நிமிட நடை. என் பையில் யசுஹிகோவின் கையுறை இருந்தது. வருடா வருடம் எண்ணெய் பூசி வைத்ததால் தோல் மெத்தென்றிருந்தது. அவர் கையில் மாட்டிவிட்டேன். சரியாகப் பொருந்தியது.

"இன்னொரு வாய்ப்புக் குடுத்திருக்காங்க தலைவரே. இந்தப் பந்தப் பிடிச்சிட்டா யாரும் பாடமாட்டாங்க" என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜம்."

ஏழெட்டு அடி தள்ளி நின்று ஆகாயத்தைக் காட்டினேன். "பந்து மேல போகுது. பின்னால போங்க."

போனார்.

"இன்னும் பின்னால."

அண்ணாந்து பார்த்தபடியே போனார். முகத்தில் பயம் இல்லை. வருடக்கணக்கில் அவரை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. மூன்றாவது தடவை 'பின்னால' என்று சொன்னபோது பின்னால் இடமில்லை என்பது எனக்குத் தெரியும். தவறி விழுந்தார் என்று போட்டுவிடாதீர்கள். நான் சொன்னேன், அவர் போனார். தண்ணீர் அடங்கிய பிறகுதான் தூரத்தில் இருந்த தூண்டில்காரர்களைக் கூப்பிட்டேன்.

இப்போது இந்த ஒலிநாடா, எண்பத்தொன்றாம் வருடத்து ஆட்டம். ஆரவாரத்தில் தாளம் பிசகுகிறதா என்று பார்க்க இசோகாவா ஒவ்வொரு ஆட்டத்தையும் முரசடியில் வைத்துப் பதிவு செய்வார். கியோகோ அவருடைய சாமான்களிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் என்கிறீர்கள். முழுவதும் போட்டுக் காட்டினீர்கள். முரசுக்குப் பக்கத்தில், மற்ற எல்லாரையும் முந்திக்கொண்டு, சல்லடைக் கை என்று தொண்டை கிழியக் கத்தும் அந்தக் குரல் யாருடையது என்று கேட்கிறீர்கள்.

என்னுடையதுதான். தலைவர் முரசை அடித்தால் கொடிக்காரன் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது. இருபத்திரண்டு வருடம் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். அன்று சாயங்காலம் யசுஹிகோ சோற்றைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு அதிகம் பேசியதில்லை. பேச்சுக் குறைந்த பிள்ளைதான்.

அவனுக்கு அது கேட்டிருக்காது ஐயா. மூவாயிரம் பேர் கத்தும்போது அப்பா குரல் மட்டும் எப்படித் தனியாகக் கேட்கும்?