சம்பந்தத்தின் மனந்திரும்புதல்

– அதான் சொல்றேன் பாஸ்டர், வேற யாரயாவது சாட்சி சொல்லச் சொல்லுங்க. நான் மேடை ஏற மாட்டேன்.

– அஞ்சலம்மா, நோட்டீஸ்ல உங்க பேரே வந்தாச்சு. கணவனுக்காகக் கண்ணீரோடு ஜெபித்த சகோதரின்னு போட்டிருக்கு. ஆவடி கன்வென்ஷனுக்கு வர்ற ஜனங்க உங்களைக் கேட்கத்தான் வர்றாங்க.

– பேர எடுத்துடுங்க.

– ஏம்மா? சம்பந்தம் அண்ணன் எப்படி இருந்த மனுஷன்? நீங்க ஆராதனைக்கு வந்தீங்கன்னு உங்க வேதாகமத்தை அடுப்புல போட்டவர். சபை வாசல்ல உங்க முடியைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனதை நானே பார்த்தேன். தடுக்க வந்த என் சட்டையையும் கிழிச்சார். அப்பேர்ப்பட்டவர் இன்னைக்கு இந்தக் கட்டில்ல எப்படி உட்கார்ந்திருக்கார் பாருங்க. அண்ணே, ஸ்தோத்திரம்.

– ஸ்தோத்திரம்.

– பார்த்தீங்களா, சொல்லும்போதே கண்ணு கலங்குது. இது கர்த்தர் செய்யாம வேற யார் செஞ்சது?

– பால்காரரு வந்தாலும் கையக் கூப்பிகினு அதான் சொல்றாரு பாஸ்டர். பக்கத்தூட்டு ஜாபர் பாய் வந்தாலும் அதே. போன மாசம் தெருவுல அம்மன் ஊர்வலம் போச்சு. மோளத்தக் கேட்டுட்டு இப்டியேதான் அழுதாரு.

– பக்கவாதம் வந்தா நாக்கு தடுமாறும்மா. உள்ளுக்குள்ள இருக்கிற விசுவாசத்தை நாம பார்க்க முடியுமா?

– உள்ள இன்னா கீதுன்னு ஆஸ்பத்திரில டாக்டரம்மா படம் புடிச்சிக் காட்டுச்சு. மூளைல முன்பக்கம் ரத்தம் கசிஞ்சி அந்த எடமே செத்துப் போச்சாம். கோவம், ரோஷம், நல்லது கெட்டது புரியறது எல்லாத்துக்கும் அந்த எடந்தானாம். இனிமே கொழந்த மாதிரிதான் இருப்பாரு, பழைய ஆளு வரமாட்டாருன்னு சொல்லுச்சு. அப்போ நான் ஜெபம் பண்ணதால இல்லியாம்மான்னு கேட்டேன். அது என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு அடுத்த ஆளக் கூப்ட்டுச்சு.

– கர்த்தர் வியாதி வழியாவும் கிரியை செய்வார்.

– செய்யட்டும். நான் கேட்டது இது இல்ல பாஸ்டர். சோறு தண்ணி இல்லாம கெடந்து நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு நாளு அவரு என் எதிர்ல உக்காந்து, அஞ்சல, நீ மாசமா இருக்கசொல்ல எட்டி ஒதச்சேன், கொழந்த போச்சு, தப்பு பண்ணிட்டேன்னு சொல்லணும். அவ்ளோதான். நான் மன்னிச்சிருப்பேன், மெய்யாலுமே. பரவால்ல, உடுன்னு எத்தினியோ வாட்டி மனசுக்குள்ள சொல்லிப் பாத்துகினு கீறேன். இப்ப அத்த யாருகிட்ட சொல்றது? ஒதச்சவரு போய்ட்டாரு. இவருக்கு ஒண்ணும் தெரியாது.

– கேட்டுப் பார்த்தீங்களா?

– கேட்டேன். நம்ம கொழந்த ஞாபகம் கீதான்னு கேட்டேன். கொழந்த, கொழந்தன்னு கையத் தட்டிச் சிரிச்சாரு.

– ஆண்டவரே.

– நீங்க ஞானஸ்நானம் குடுத்தப்போ சபையே கை தட்டுச்சு. எனக்கு வெறும் ஒடம்ப எடுத்துத் தண்ணில முக்கறா மாதிரி இருந்துச்சு.

– எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோணுச்சும்மா. விசுவாசிக்கிறீங்களான்னு கேட்டேன். விசுவாசிக்கிறீங்களான்னு அவர் திருப்பி என்னைக் கேட்டார். சபை சிரிச்சுது. நானும் சிரிச்சேன். ஆனா ராத்திரியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடல. என் வீட்டுக்காரிகிட்டகூட இதைச் சொல்லல.

– அப்பால ஏன் முக்கினீங்க?

– எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாங்க. நம்ம அண்ணனூர் சபையில வாராவாரம் ஆள் குறையுது. அவங்களுக்கு ஒரு அற்புதம் தேவைப்பட்டுது. எனக்கும்தான்.

– அதுக்குத்தான் என்னையும் மேடை ஏத்தப் பாக்கறீங்க.

– சரிம்மா, அவரை விடுங்க. அவரைப் பத்தி ஒரு வார்த்தைகூட சொல்ல வேண்டாம். உங்களைப் பத்திச் சொல்லுங்க. அவ்வளவு அடிச்ச மனுஷனைக் குளிப்பாட்டி, ஊட்டி விட்டு, துணி மாத்தி, முகம் கோணாம வச்சிருக்கீங்க. அது சுயபலத்துல வராது. மாறினது நீங்கதான் அஞ்சலம்மா. அதை நான் என் கண்ணால பார்க்கறேன். அதுல பொய் இல்ல.

– அந்தக் கதவ சாத்துங்க பாஸ்டர்.

– ஏம்மா?

– ஜாபர் பாய் ஊட்ல கேக்கும்.

– சாத்திட்டேன். சொல்லுங்க.

– கஞ்சி ஊட்டினு இருந்தேன். மூஞ்சிலயே துப்பிட்டாரு. ஓங்கி அறைஞ்சிட்டேன்.

– தனியா கிடந்து அல்லாடறீங்க. அந்தக் களைப்புல யாருக்கும் கை நீளும்மா. ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க, அவர் –

– கேட்டேன். முட்டி போட்டுக் கேட்டேன். மறுநாளு அவரு துப்பல. நல்ல புள்ளையாட்டம் வாயத் தொறந்து தொறந்து சாப்ட்டாரு. அன்னிக்கும் அறைஞ்சேன்.

– எதுக்கும்மா?

– எதுக்கும் இல்ல. எதிர்ல இருந்தாரு. இன்னாத்துக்கு இவ அடிக்கறான்னு புரியாம என் மூஞ்சியவே பாத்துகினு இருந்தாரு. அந்தப் பார்வ எனக்குத் தெரியும் பாஸ்டர். நானும் அப்டித்தான் பாத்துகினு இருந்திருப்பேன்.

– அப்புறமாவது உட்கார்ந்து அழுதீங்களாம்மா? அழுதிருந்தா போதும், அதுவே மனந்திரும்புதலுக்கு –

– அழுகை வரல. தட்டக் கழுவி வச்சிட்டு, வெளக்க அணைச்சிட்டுப் படுத்தேன். கல்யாணம் ஆனதுலேந்து அன்னிக்கித்தான் பாஸ்டர், விடியற வரிக்கும் தூங்கனேன்.